மேஜருக்குத் தெரிந்த நாலு சொல்

அலுமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குக் கீழே, ஒரு சாரத்துண்டு பல வருடங்களாகக் கிடந்தது. ஆண்கள் உடுக்கிற, பச்சைக் கட்டம் போட்ட பழைய சாரம் ஒன்றை நீளவாக்கில் கிழித்து எடுத்த துண்டு. ஒரு முனையில் பல் இறங்கிய ஓட்டைகள். நடுவில் எத்தனை தரம் தோய்த்தும் போகாத மண்ணிறக் கறை. வெம்பிளிக்கு வந்த பிறகு இரண்டு வீடு மாறிவிட்டோம். இரண்டு தடவையும் நான் அதை எறியவும் இல்லை, விரித்துப் பார்க்கவும் இல்லை. போன சனிக்கிழமை என் மகள் தன் தம்பிக்குக் கூடாரம் கட்டப் போர்வை தேடிப் போய் அதை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பத்து வயது. நாய் வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள். நானும் கம்பளம், முடி, தம்பியின் இழுப்பு என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லி வருகிறேன்.

"அம்மா, இதை என்ன கடிச்சது?" என்றாள்.

அடுப்பில் கறி இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து துணியின் மறுமுனையைப் பிடித்தேன். விளையாட்டு என்று நினைத்து அவள் இழுத்தாள். நான் திருப்பி இழுத்த இழுப்பில் அவள் முழங்கால் தரையில் மோதியது. துணி உரசி உள்ளங்கையில் சிவப்புக் கோடு விழுந்தது. அப்படியும் அவள் விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி படிக்கட்டடியில் நின்றோம். என் பிள்ளையை நான் ஒரு கந்தல் துணிக்காக விழுத்தியிருந்தேன்.

எண்பதுகள் முடிந்துகொண்டிருந்தபோது நாங்கள் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் இருந்தார். எங்களைவிட இருபது வயது மூத்தவர் என்றாலும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். படிக்க வந்து, படிப்பை விட்டு, ரயில் நிலையம் ஒன்றில் பயணச்சீட்டுப் பார்க்கும் வேலையில் தங்கிவிட்டவர். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் கனடாவில் இருந்தார்கள். அதற்கும் பத்து வருடத்துக்கு முன் ஒரு மாலை, முன் யன்னலை உடைத்துக்கொண்டு வந்த செங்கல் ஒன்று சின்ன மகனின் கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த மனைவி அங்கே ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அண்ணை போகவில்லை. "வாங்கின வீட்டை விட்டுப்போட்டு ஓடுறதுக்கு நானென்ன வாடகைக்கே இருக்கிறன்?" என்று வாடகைக்கு இருக்கும் எங்களைப் பார்த்தே சொல்வார். செங்கல்லையும் அவர் எறியவில்லை. காற்றுக்கு முன்கதவு அடித்துச் சாத்தாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார். யன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்ட வாரமே ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கி, அவனுக்கு மேஜர் என்று பெயர் வைத்தார். அவனை அது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை, கடைசி வாரம் வரைக்கும்.

மேஜருக்கு நாலு சொல் தெரியும். இரு, வா, சூ, விடு. நாயை ஒருவர் மேல் ஏவிவிடச் சூக்காட்டுவது தமிழர் எவருக்கும் தெரிந்தது. பின்வளவில் துணி காயப்போடும் கயிற்றில் தன்னுடைய பழைய ரயில்வே கோட்டைத் தொங்கவிட்டு, உள்ளே பத்திரிகைக் கடதாசி அடைத்து, அதன் கையை ஆட்டி ஆட்டி அண்ணை அவனைப் பழக்கினாராம். ஆடுகிற கையைத்தான் பிடிக்க வேண்டும். சொல்லும்வரை பிடிக்கக்கூடாது. சொன்ன பிறகு, விடு என்னும்வரை விடக்கூடாது. ஏன் தமிழில் என்று ஒருமுறை கேட்டேன். "இங்கிலீசிலை பழக்கினா எறியிறவனும் 'சிட்' எண்டுவான், இவன் குந்தியிருப்பான். தமிழ் தெரிஞ்சவன் எவன் தங்கச்சி எங்களுக்குக் கல்லெறியப் போறான்?" என்றார். பிறகு தானே சிரித்து, "எறிவான், எறிவான். ஆனா இந்த றோட்டிலை இல்லை," என்றார். சிரிப்பு நின்றதும் விரலை நீட்டிச் சொன்னார்: "அந்த ஒரு சொல்லை மட்டும் விளையாட்டுக்கும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களுக்கோ பிள்ளைக்கோ ஆபத்து எண்டாச் சொல்லுங்கோ. ஒருக்காச் சொன்னாக் காணும்."

அவன் கடித்ததை நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஏழு மாதம். ஒரு பிற்பகல் யாரோ கடிதம் போடும் துவாரத்தின் வழியாக எரியும் கடதாசிச் சுருளைத் தள்ளினார்கள். அண்ணை அதைக் காலால் மிதித்துக்கொண்டே கதவைத் திறந்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். மேஜர் குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. வாசலில் நின்றவனின் முன்கை அவன் வாய்க்குள் போனது. காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பையன் கத்தியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அண்ணை நிதானமாக மூன்று வரைக்கும் எண்ணுகிற நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "விடு" என்றார். மேஜர் ஒரு பொருளைக் கீழே வைப்பதுபோல் கையை வைத்துவிட்டு வந்து அவர் காலடியில் இருந்தான். அவன் தாடையிலிருந்து கம்பளத்தில் இரத்தம் சொட்டியது. மாடிப்படியில் நின்ற எனக்குக் கடித்ததைவிட விட்டதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு கட்டளைக்கு அடங்கிய ஒன்று என் பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறது என்று நினைத்து அன்று சாப்பிடவில்லை.

நாய்களோடு எனக்கு ஊரிலேயே ஒரு கணக்கு இருந்தது. ஆள் நடமாட்டத்தைக் குரைத்துக் காட்டிக்கொடுக்கின்றன என்று எங்கள் ஒழுங்கை நாய்கள் எல்லாவற்றையும் ஒரு பகலில் பொல்லால் அடித்துக் கொன்றார்கள். யார் என்று சொல்வதில் இப்போது பயனில்லை. எங்கள் நாய் அடிக்க வந்தவர்களிடம் வாலை ஆட்டிக்கொண்டு போனது. நான் யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பி வந்திருக்கும். கூப்பிடவில்லை. பதினேழு வயதில் பழகிய அந்த வாயடைப்பு லண்டனுக்கும் என்னோடு வந்திருந்தது.

மகளுக்குப் பத்து மாதமாக இருந்தபோது, நல்ல வெயிலான ஒரு சனிக்கிழமை, அவளை மடியில் வைத்துக்கொண்டு முன்வாசல் படியில் இருந்தேன். அவளுக்கு எடை போதாது என்று சொல்லியிருந்தார்கள். வெயில் பட்டால் நல்லது என்று எங்கோ வாசித்திருந்தேன். என் கணவரும் அண்ணையும் வேலைக்குப் போயிருந்தார்கள். அண்ணை போகும்போது மேஜரைப் படலைக்குப் பக்கத்தில் இருத்தி, "இரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கதவு செங்கல் முட்டில் திறந்து நின்றது. உதைபந்தாட்டத்துக்குப் போகிற கழுத்துச்சால்வைகளோடு நாலு பையன்கள் வந்தார்கள். ஒருவன் படலையைத் திறந்தான். என்னவோ சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு போத்தல் என் தலைக்கு மேலே சுவரில் பட்டு உடைந்து, கண்ணாடித் துகள் பிள்ளையின் மயிரில் விழுந்தது. நான் எழுந்தேன். மேஜரும் எழுந்தான். எழுந்து, அவர்களைப் பார்க்காமல், கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை நான் எத்தனையோ விதமாக எனக்கே விளக்கியிருக்கிறேன். ஆனால் அதில் விளக்க ஒன்றுமில்லை. அவன் சொல்லுக்காகக் காத்திருந்தான். சொல் என் வாயில் இருந்தது, ஒரே எழுத்து. ஏவினால் ஒருவன் செத்துவிடுவானோ, பொலிஸ் வந்து எங்கள் அகதி விண்ணப்பத்தைப் பார்க்குமோ, பாய்கிற நாய் பிள்ளையை மிதிக்குமோ என்றெல்லாம் நினைத்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். கதவைச் சாத்த விடாமல் தடுத்த செங்கல்லைக் காலால் வெளியே உதைத்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன்.

அந்தச் செங்கல்லால்தான் அடித்தார்கள். பூசணிக்காயைத் தரையில் போட்டதுபோல் முதல் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு சிரிப்பு, திரும்பவும் அடி. மேஜர் குரைக்கவே இல்லை. நான் கதவில் முதுகைச் சாத்திக்கொண்டு தரையில் இருந்து, பிள்ளையின் மயிரிலிருந்து கண்ணாடித் துகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். என் விரலும் அவள் நெற்றியும் இரத்தமாகின. தெருவில் யாரோ சத்தம் போட்ட பிறகு அவர்கள் ஓடினார்கள். அரை மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்தேன். மேஜர் காலையில் இருத்திய அதே இடத்தில் இருந்தான். ஒரு கண் மூடி, காதடியில் தோல் பிளந்து, கால்களுக்கு நடுவே இரத்தம் தேங்கி உறையத் தொடங்கியிருந்தது. 'இரு' என்ற சொல்லை யாரும் இன்னும் எடுத்துவிடவில்லை.

அண்ணையிடம் நான் மேலே பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். மேஜரின் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். செங்கல்லையும் கழுவி, பழையபடி கதவடியில் வைத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து மேஜர் விழுந்தான். காலையில் குசினிக்குப் போனபோது அவன் ஒரே திசையில் சுற்றிச் சுற்றிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். தலை இடப்பக்கம் முறுகிப்போயிருந்தது. கருவிழிகள் கடிகார ஊசல்போல் இங்குமங்கும் அடித்தன. பின்கால்கள் இழுபட, தன் வாந்தியிலேயே வழுக்கி, தாடை தரையில் அடிபட விழுந்து, திரும்ப எழும்பப் பார்த்து, திரும்பவும் விழுந்தான். மிருக வைத்தியர் பாரிசவாதம் என்றார். "மனிசருக்கு வாற பாரிசவாதம் நாய்க்கும் வருமோ?" என்று அண்ணை தமிழில் என்னைக் கேட்டார். அடிபட்டதால் வந்ததா என்று நான் வைத்தியரைக் கேட்டேன். வயதால் இருக்கலாம், அடியாலும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். இரண்டு வாரம் பார்ப்போம், அதற்குள் தானாக எழுந்து நிற்காவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் இரக்கம் என்றார். அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. "நான் பாக்கிறன் அண்ணை," என்று நானாகவே சொன்னேன். மேலே போனதும் என் கணவர், "நாயைப் பாக்கவோ லண்டனுக்கு வந்தனாங்கள்?" என்றார். அவருக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

அந்த இரண்டு வாரமும் என்னிடம் இரண்டு உடல்கள் இருந்தன. ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றதைத் துடைப்பேன். பிள்ளையைக் குசினி மூலையில் மரச்சட்டக் கூண்டுக்குள் விட்டுவிட்டு, மேஜரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மறுபக்கம் புரட்டுவேன். புரட்டாவிட்டால் இடுப்பெலும்பு தோலைக் கிழிக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கோழி அவித்த தண்ணீரில் சோற்றைக் குழைத்து, கன்னத்தின் நல்ல பக்கத்தில் கரண்டியால் ஊட்டுவேன். பாதி வெளியே வரும். வழுக்குகிற தரையில் பழைய கம்பளத் துண்டுகளைப் பரப்பினோம். அண்ணை தன் சாரம் ஒன்றை நீளமாகக் கிழித்துத் தந்தார். அதை அவன் வயிற்றடியால் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கிப் பின்வளவுக்குக் கொண்டுபோவேன். ஒரு மூட்டை அரிசியைவிடப் பாரம். பிள்ளைப் பேற்றில் தைத்த இடம் இழுக்கும். மகளின் பாலைக் காய்ச்சும்போது நாயின் மணம் கையில் இருக்கும். நான் செய்வது சரியா, பிள்ளைக்கு ஏதும் தொற்றிவிடுமா, எடை இன்னும் குறைகிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் யோசிப்பேன். பதினோராம் முறை திரும்பவும் கீழே போவேன்.

ஒன்பதாம் நாள் அவனை அடித்தேன். அப்போதுதான் தோய்த்து விரித்த துணியில் அவன் கழித்துவிட்டான். பிள்ளை பசியில் வீறிட்டுக்கொண்டிருந்தாள். தூக்கும்போது சாரம் நழுவி அவன் முழுப் பாரமும் என் பாதத்தில் விழுந்தது. கையில் அகப்பட்டது அகப்பை. முதுகில், தோளில், செயலிழந்த காலில் என்று அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அகப்பை முறிந்த பிறகும் காம்பால் அடித்தேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுச் சட்டங்களுக்கு இடையால் பார்த்தாள். மேஜர் முறுகிய தலையோடு, ஆடுகிற கண்ணால் என்னைப் பார்த்தான். படலையடியில் பார்த்த அதே பார்வை. ஏதாவது சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தான். நான் அவனுக்கு முன்னால் குந்தி, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். "சூ," என்றேன். மன்னிப்புக் கேட்பதுபோல்தான் சொன்னேன்.

அவன் காதுகள் எழுந்தன. முன்கால்கள் நிலத்தை ஊன்றின. உடம்பு முழுவதும் நடுங்கியபடி, பின்பக்கம் இரண்டு தரம் சரிந்து, மூன்றாம் தரம் எழுந்து நின்றான். நின்று, வாயைத் திறந்து, என் கையில் தொங்கிய சாரத்துண்டின் முனையைப் பிடித்தான். நான் இழுத்தேன். அவன் விடவில்லை. நான் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இழுத்தேன். விழப்போகிறான் என்று கண்டபோது "விடு" என்றேன். விட்டான்.

அன்றிலிருந்து தினமும், ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, சாரத்துண்டை ஆட்டி அந்தச் சொல்லைச் சொல்வேன். அவன் எழுவான், பாய்வான், பிடிப்பான். ஒரு வாய் கோழி கொடுப்பேன். பிறகு துண்டோடு பின்னால் நடப்பேன். அவன் சாய்ந்து சாய்ந்து துரத்துவான். பதினாலாம் நாள் அண்ணை கதவைத் திறந்தபோது மேஜர் நாலு காலில் நடந்து போய் அவர் காலில் முட்டினான். அந்தப் பெரிய மனிதர் சீருடையோடு முழங்காலில் விழுந்து அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தார். "என்ன மாயம் செய்தனீங்கள் தங்கச்சி?" என்று கேட்டார். கோழித் தண்ணீர் என்றேன். அந்தச் சொல்லை எடுக்கக்கூடாது என்று அவர் ஒருமுறைதான் சொல்லியிருந்தார். அதை மீறினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சில நாளில் என் மகள் கூண்டைப் பிடித்து எழுந்து நின்று தன் வாழ்க்கையின் முதல் சொல்லைச் சொன்னாள். "சூ." என் கணவருக்கு ஒரே மகிழ்ச்சி. "ரயிலைச் சொல்லுறாள், பார்," என்றார்.

மகளுடைய எடையைப் பார்க்க மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவாள். நல்ல பெண். என் கையைத் தட்டிக்கொடுப்பாள். அப்படியும் அவள் கொப்பியில் எதையாவது எழுதும்போதெல்லாம், இவள் தாயாக இருக்கத் தகுதியில்லை என்று எழுதுகிறாளோ என்று எட்டிப் பார்ப்பேன். அந்த மாதம் அவள் வந்தபோது குசினியில்தான் இருந்தோம். அங்கேதான் சூடு இருந்தது. மகளை எடைத்தட்டில் இருத்தினாள். மேஜர் தன் படுக்கையிலிருந்து எழுந்து, தலை சாய, தட்டை மணக்க வந்தான். நர்ஸ் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு கையை அவன் முகத்துக்கு நேரே ஆட்டி, ஆங்கிலேயர் பூனைக்கும் புறாவுக்கும் சொல்கிற 'ஷூ'வைச் சொன்னாள். இந்த நாட்டில் அதற்குப் போ என்று பொருள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்.

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். இவளும் சொல்லலாமா என்று யோசித்தானோ என்னவோ. கை ஆடிக்கொண்டிருந்தது. திரும்பவும் சொன்னாள். அவன் பாய்ந்த வேகத்தில் எடைத்தட்டு கவிழ்ந்து பிள்ளை தரையில் உருண்டாள். நர்ஸின் மணிக்கட்டு அவன் வாய்க்குள் இருந்தது. அவள் அலறலையும் மீறி "விடு!" என்று கத்தினேன். அந்த நொடியே விட்டான். விட்டுவிட்டு என் பக்கம் வந்து, கோழிக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றான். வெள்ளை எடைத்தட்டில் இரத்தம் கோடுகளாக ஓடியது. பிள்ளையின் நெற்றி வீங்கியது.

நான் காயத்தைக் கழுவித் துணி சுற்றினேன். நீங்கள்தான் அவனை ஏவினீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இருந்தபடியே இருந்தது. இப்படி முன்பும் கடித்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, நோய் வந்த பிறகுதான் என்றேன். அவள் நெடுநேரம் மகளின் நெற்றியைப் பார்த்தாள். அடுத்த மாதம் நான் வரும்போது இந்த நாய் இங்கே இருக்கக்கூடாது, இருந்தால் எழுத வேண்டிவரும் என்றாள். அவள் எனக்கு இரக்கம் காட்டுகிறாள் என்று எனக்கு விளங்கியது.

அண்ணை வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஆர் சொன்னது?" என்பதுதான்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. சும்மா பாய்ஞ்சவன்."

"சொல்லாமக் கடிச்சவனோ?"

"ஓம்."

அவர் கதிரையில் இருந்தார். திரும்பவும் அதையே கேட்டார். நானும் திரும்பவும் ஓம் என்றேன். பத்து வருடத்தில் அவன் சொல்லாமல் யாரையும் தொட்டதில்லை. அடிபட்டுச் சாகக் கிடந்தபோதும் தொடவில்லை. அண்ணைக்கு மேஜர் என்றால் அதுதான். அவர் காலடியில் வந்து படுத்தவனைக் குனிந்து பார்க்காமலே, "அப்ப இது மேஜர் இல்லை. மூளை போட்டுது," என்றார். அப்போது நான் வாயைத் திறந்திருந்தால் நர்ஸ் வரும் நாளில் அவனை வேறெங்காவது விட்டிருக்கலாம். நாங்கள் வேறு வீடு பார்த்திருக்கலாம். அவன் இருந்திருப்பான். என் மகளின் வீங்கிய நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அண்ணையின் காரில் வைத்தியரிடம் போனோம். பின் இருக்கையில் மடியில் பிள்ளையோடு நான். பக்கத்தில் சாரத்துண்டைக் கவ்விக்கொண்டு மேஜர். அதைக் கண்டால் அவனுக்கு விளையாட்டு. மேசையில் கிடத்திய பிறகும் வாயிலிருந்து அதை எடுக்க முடியவில்லை. வைத்தியர் இழுக்க இழுக்க அவன் இன்னும் இறுக்கினான். வாலை ஆட்டினான். முன்காலில் ஊசி ஏற்ற அவனை அசையாமல் பிடிக்க வேண்டும், அண்ணைதான் சொல்ல வேண்டும். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோள்கள் மட்டும் ஆடின. நான் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கிட்டப் போய் "விடு" என்றேன். மேஜர் உடனே விட்டான். மூளை போன நாய் அப்படி விடாது. அதை அறிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். துண்டு என் கைக்கு வந்தது. ஊசி இறங்கியது.

திரும்பி வரும்போது சிவப்பு விளக்கில் கார் நின்றது. "நர்ஸ் சொன்னவ அண்ணை," என்றேன். "கையை ஆட்டி, சூ எண்டு சொன்னவ. இங்கத்தைச் சனம் துரத்திறதுக்கு அப்பிடிச் சொல்லுங்கள்." ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லியிருந்தால் அது அவனுக்கு உதவியிருக்கும். இப்போது அது எனக்கு மட்டுமே உதவியது.

விளக்கு பச்சையாகியது. பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. "வேறை?" என்றார்.

வேறும் சொன்னேன். குசினியில் நான் தினமும் சொன்னதை, அகப்பையை, கதவை, செங்கல்லை.

"கதவு தெரியும்," என்றார். "கல்லு வெளியிலை கிடந்தது. உள்ளுக்கு நிண்ட ஆள் உதைச்சாத்தான் அது வெளியிலை போகும். பிள்ளையோடை நிண்டனீங்கள், பூட்டினது சரி." பிறகு கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து, "சொல்லிப்போட்டுப் பூட்டியிருக்கலாம்," என்றார்.

நான் பிள்ளையை மடியில் மாற்றி இருத்தினேன்.

"நர்சை அவன் விடு எண்ட உடனை விட்டவனோ?"

"ஓம்."

"அப்ப அவனுக்கு ஒண்டுமில்லை."

சொல்லிவிட்டுத் தன் நெற்றியை ஸ்டியரிங்கில் மோதினார். கார் ஹோர்ன் அலறியது. திரும்பவும் மோதினார். திரும்பவும். நெற்றி வெடித்து இரத்தம் மூக்கு வழியே இறங்கும்வரை மோதினார். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவர் நிறுத்தி, முகத்தைத் துடைக்காமலே, "இறங்குங்கோ," என்றார். இறங்கினேன். வீடு வரைக்கும் ஒரு மைலுக்கு மேல் நடந்தேன். பாதி வழியில்தான் சாரத்துண்டு இன்னும் கையில் இருப்பதைக் கண்டேன். திருப்பிக் கொடுக்கத் துணிவு வரவில்லை. இரண்டு வாரத்தில் அப்டன் பார்க்கில் ஓர் அறைக்கு மாறினோம். மாறும் நாளில் அவர் வெளியே வரவில்லை. முன்கதவடியில் செங்கல் இருக்கவில்லை. பின்னொரு நாள் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அது அவருடைய உரிமை.

படிக்கட்டடியில் மகள் இன்னும் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது. "ஒரு நாய் கடிச்சது," என்றேன். "நீ சின்னப்பிள்ளையா இருக்கேக்க."

"என்னையும் கடிச்சதா?"

"இல்லை. உன்னை ஒருநாளும் கடிக்கேல்லை."

"அப்போ ஏன் எனக்கு டோக் வேண்டாம் எண்டு சொல்லுறீங்கள்?"

கம்பளம் என்றோ முடி என்றோ சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அலுத்துப்போனது. "உன்ர முதல் சொல் அம்மா எண்டு சொன்னனான் எல்லே," என்றேன். "அது பொய்."

அவள் கண்கள் விரிந்தன. "அப்போ என்ன சொன்னனான்?"

பத்து வருடமாக நான் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. பூங்காவில் யாராவது புறாக்களைத் துரத்தும்போது காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக நடந்து போவேன். சொன்னேன்.

"ஷூவா?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சப்பாத்தோ? இல்லாட்டி, போ எண்டு சொல்லுறதா?"

"இல்லை. எங்கட வீட்டிலை அதுக்கு வேறை கருத்து. இரு, சொல்லுறன்."

சொல்வதற்கு முன் துணியை மடித்து வைத்துவிடலாம் என்று இழுத்தேன். என் பிடி இறுகியிருந்ததை நான் அறியவில்லை. அவள் சிவந்த உள்ளங்கையை ஒருமுறை ஊதிவிட்டு, தன் முனையைத் திரும்பவும் பற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "விடுங்கோ."

விட்டேன்.